ஒன்பது இடங்களில் ஒரே முதுகு

அவருடைய முகம் படத்துக்கு ஆகாது என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் புகைப்படக்காரர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா இப்பதான் யாரோ போய்ச் சேர்ந்த சேதி வந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

அவர் திரும்பிக்கொண்டார். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

தீவின் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு மேலே அனுப்ப வேண்டும். மேலிருந்து வருவதை உறையில் போட்டு ஒட்டி வெளியே அனுப்ப வேண்டும். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், தீவின் ஒன்பது சுற்றுலா இடங்களையும் படம் பிடித்துக் கையேடு ஒன்று அச்சடிக்க வேண்டும் என்று அப்போதைய இயக்குநருக்கு ஆசை வந்தது. மழைக்காலத்தில் தீவுக்கு எந்தப் பயணி வருவான்? வெள்ளை மணல் கடற்கரையில் ஒரு நாய்கூட இல்லை.

"ஆளே இல்லாம படம் போட்டா சுறா இருக்குன்னு நெனைச்சுக்குவாங்க. யாரையாவது கொண்டுபோய் நிறுத்துங்க" என்றார் இயக்குநர்.

அன்று கடல் கொந்தளிப்பால் தபால் படகு வரவில்லை. அலுவலகத்தில் வேலை இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒரே ஆள் நம்மவர்தான்.

முன்பக்கம் அவருக்கு நெற்றி உச்சந்தலை வரை ஏறிப்போயிருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. ஆனால் திரும்பி நின்றால் கதையே வேறு. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோலத் தோள்கள். பிடரியில் கருகருவென்று அடர்ந்த முடி. ஒரு வைக்கோல் தொப்பியைக் கையில் கொடுத்து, கடலைப் பார்க்கச் சொல்லி நிறுத்தியதும் புகைப்படக்காரர் கருவியை இறக்கிவிட்டு வாயைப் பிளந்தார்.

"இந்த முதுகை வச்சுக்கிட்டு இவ்வளவு நாளா தபாலா ஒட்டிட்டு இருந்தீங்க?"

அதற்குப் பிறகு ஒன்பது இடங்களிலும் அவர்தான். அருவியை அண்ணாந்து பார்த்தார். கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றார். அலையாத்திக் காட்டுப் படகில் உட்கார்ந்தார். காட்சிக் கோபுரத்தின் கீழே இடுப்பில் கை வைத்து நின்றார். சட்டை மாறும், தொப்பி மாறும், முதுகு மாறாது. கையேடு, நாட்காட்டி, படகுத்துறை சுவரொட்டி எல்லாவற்றிலும் ஒரே ஆள் புறமுதுகு காட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பின்னழகர்' என்று பெயர் விழுந்தது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவருடைய விஷயத்தில் அதுதானே முறை.

அவருக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. கையேட்டின் பிரதி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஆனால் அந்த இடங்கள் ஒன்றும் அவருக்குப் பிடிக்காது. கடல் என்றால் குமட்டல், வெயில் என்றால் தலைவலி, மணல் என்றால் செருப்புக்குள் போகும். துறையின் ஜீப்பில் நேரே இடத்துக்குப் போவார், திரும்பி நிற்பார், கிளிக், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிடுவார்.

அவர் மனைவி அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தாள். மருத்துவர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து, சின்னக் காகித உறைகளில் 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்' என்று எந்தக் கிழவருக்கும் புரிகிறமாதிரி எழுதிக் கொடுப்பவள். கல்யாணமான புதிதில், "அந்த அருவிக்கு ஒரு நாள் போலாமாங்க?" என்று கேட்டாள். "அங்க என்ன இருக்கு, பாறையும் தண்ணியும்" என்றார். கோபுரம் கேட்டாள். "படி ஏறி படி இறங்கணும், அதானே" என்றார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். யாராவது அவரைப் படத்தில் பார்த்ததாகச் சொன்னால் மட்டும், "ஊரு பாக்குறதைத்தான் நானும் பாக்குறேன். வீட்டுக்கு வந்தா டிவி பக்கம் திரும்பி உக்காந்துடுவாரு" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், புதிதாக ஓர் இயக்குநர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது அம்மையார், சுறுசுறுப்பு அதிகம். வந்த வாரமே புள்ளிவிவரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தீவுக்கு வருகிறவர்கள் சராசரியாக ஒன்றரை நாள்தான் தங்குகிறார்கள். ஒன்பது இடம் இருக்கிறது, ஒன்றரை நாளில் ஓடிவிடுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

"தனி ஆளா நின்னா யாரு வருவா?" என்றார் இயக்குநர், கையேட்டைப் புரட்டிக்கொண்டே. "குடும்பமா வரணும். ஒரு ஜோடியைப் போடுங்க. சாயங்கால வெளிச்சம், மணல்ல ரெண்டு பேர். இந்த முதுகு அப்படியே இருக்கட்டும், நல்லாதான் இருக்கு. பக்கத்துல ஒரு பெண்."

பெண்ணுக்கு எங்கே போவது? கணக்குப் பிரிவு அம்மாள், "என் வீட்டுக்காரரு ஏற்கெனவே சந்தேகப் பிராணி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தட்டச்சுப் பெண்ணுக்கு வெயில் ஆகாதாம். புகைப்படக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜீப் டிரைவர் டயரில் காற்று பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நீண்ட கழுத்து. புகைப்படக்காரரின் கண் அந்தக் கழுத்தில் போய் நின்றது.

"ஐயோ சார், எனக்கு மீசை இருக்கு" என்றார் டிரைவர்.

"மீசை முன்னாடிதானே இருக்கு?"

பள்ளி நாடகங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிற கடையிலிருந்து ஒரு சவுரிக் கொண்டையும், கண்காட்சி அரங்கை அலங்கரிக்க வாங்கிய மஞ்சள் புடவையும் வந்தன. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். "அம்மா, கொஞ்சம் சாய்ஞ்சுக்கங்க" என்றார் புகைப்படக்காரர். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு நம்மவரின் தோளில் தலையைச் சாய்த்தார். படம் அற்புதமாக வந்தது.

மூன்றாவது வாரம் படகுத்துறையில் ஆறடி உயரத்துக்குச் சுவரொட்டி ஏறியது. மறுநாள் மதியம் மருந்தகத்துக்குத் தொலைபேசி வந்தது. மனைவியின் தங்கை.

"அக்கா, மாமா ஆபீஸ்லதானே இருக்காரு?"

"வேற எங்க இருப்பாரு?"

"ஒண்ணுமில்ல. நீ ஒரு தடவை படகுத்துறைக்கு வந்துட்டுப் போயேன். கையில பையோட வராத. பாத்ததும் கீழ போட்டுடுவ."

அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி அணைந்திருந்தது.

"யாருங்க அது?" என்றாள் மனைவி. குரல் மருந்து உறையில் எழுதுகிற எழுத்துப் போலத் தெளிவாக இருந்தது.

"எது?"

"மஞ்சப் புடவை."

அவருக்கு உயிர் வந்தது. சிரித்தே விட்டார். "அட, அதுவா! அது நம்ம ஜீப் டிரைவர்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"மாமா, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க உக்காந்து இருக்கோம், நேரம் இருக்கு" என்றாள் தங்கை.

சத்தியம் செய்தார், எடுபடவில்லை. சவுரிக் கடைப் பேரைச் சொன்னார், எடுபடவில்லை. கடைசியில் டிரைவரையே கூப்பிட வேண்டியதாயிற்று. பாவம், அவர் குளிக்கப் போன மனுஷர், துண்டோடு ஓடிவந்தார். வாசலில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி, "அக்கா, அது நான்தான்" என்றார்.

"திரும்புங்க" என்றாள் மனைவி.

டிரைவர் திரும்பினார்.

"கழுத்தைச் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம்."

டிரைவர் கதவு நிலையின்மேல் தலையைச் சாய்த்தார். தங்கை எழுந்து கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அக்கா, அதே கழுத்துதான்!" என்று கத்தினாள். அதற்கப்புறம் அவளால் பேச முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். "எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க அக்கா" என்று கெஞ்சிவிட்டு டிரைவர் போனார்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டம் தப்பியது என்று நினைத்தார். ஆனால் மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப, மீசை வச்ச டிரைவர்கூட மணல்ல உக்காந்து சூரியன் மறையறதைப் பாத்திருக்கீங்க" என்றாள்.

"அது வேலைம்மா."

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நான் பாத்ததில்ல."

பாறையும் தண்ணியும் என்று இந்த நேரத்தில் சொல்ல முடியாது.

"ஒன்பதும் பாக்கணும். வரிசையா. ஜீப்ல இல்ல. அந்தக் கையேட்டைக் கையில வச்சுக்கிட்டு, வர்றவங்க எப்படிப் போறாங்களோ அப்படி."

அவர் ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். முன்னும் பின்னும் இரண்டு சனி ஞாயிறு. ஆக ஒன்பது நாள். ஒன்பது இடத்துக்கு எதற்கு ஒன்பது நாள் என்று அவருக்கே முதலில் புரியவில்லை. இரண்டாவது நாள் புரிந்தது. தீவின் எல்லாப் பேருந்தும் படகுத்துறையிலிருந்துதான் புறப்படும், படகுத்துறைக்குத்தான் திரும்பும். கலங்கரை விளக்கத்திலிருந்து கண்ணுக்கு எதிரே தெரிகிற வெள்ளை மணலுக்குப் போக நேர்வழி கிடையாது. ஊருக்கு வந்து, காத்திருந்து, வேறு பேருந்து ஏறி, மறுபடியும் போக வேண்டும். ஜீப்பில் போகும்போது அவர் பாதி வழி தூங்கிவிடுவார், இது எங்கே தெரிந்தது?

அருவிக்குப் போனார்கள். கையேடு, 'எளிதில் சென்றடையலாம்' என்றது. பேருந்து இறக்கிவிட்ட இடத்தில், 'அருவி ஒரு கிலோமீட்டர்' என்று பலகை இருந்தது. முக்கால் மணி நேரம் நடந்த பிறகு இன்னொரு பலகை வந்தது. 'அருவி இரண்டு கிலோமீட்டர்.'

"நாம பின்னாடி நடக்கறோமா?" என்றாள் மனைவி.

போய்ச் சேர்ந்தபோது பெரிய கறுப்புப் பாறையும், அதன் நடுவில் யாரோ துணி பிழிந்த மாதிரி ஓர் ஈரத் தடமும் இருந்தன. வனக் காவலர் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி எங்கங்க?" என்று கேட்டார் நம்மவர்.

"மழைக்காலத்துல வரணும் சார்."

"மழைக்காலத்துல வந்தா?"

"பாதையை மூடிடுவோம்ல" என்றார் காவலர்.

மனைவி கைப்பையிலிருந்து மருந்து உறை ஒன்றை எடுத்து, அதன் முதுகில் ஏதோ குறித்துக்கொண்டாள். கைப்பையில் அந்த உறைகள் கட்டுக் கட்டாக இருந்தன.

வெள்ளை மணலில் தலைக்கு மேலே உச்சி வெயில். ஒதுங்க ஒரு செடி இல்லை. பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பும் இல்லை. "உங்க படத்துல நிழல் விழுந்திருந்துச்சே?" என்று கேட்டாள். "அது ஜீப் நிழல்" என்று அவர் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னோர் உறை எழுதப்பட்டது. அலையாத்திக் காட்டுப் படகு, கையேட்டில் பத்து மணி. போய் விசாரித்தால் நீரேற்றம் வந்தால்தான் படகு, நீரேற்றம் கையேட்டைப் படிப்பதில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதில் அவருக்கு ஓர் ஆச்சரியம். அந்த மூன்று மணி நேரமும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அவருக்கு அலுக்கவில்லை. மருந்தகத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எப்படி இருமிக் காட்டுவார்கள் என்று நடித்தே காட்டினாள். படகோட்டி தூக்கம் கலைந்து எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

ஆறாம் நாள் காட்சிக் கோபுரம். பதினான்கு வருடமாக இடுப்பில் கை வைத்து நின்றது அதன் கீழேதான். மேலே ஏறியது இல்லை. போனால் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாளிடம் கேட்டார்கள்.

"அது பூட்டி ஆறு வருஷம் ஆச்சே. இங்க இருந்த காவலாளி வேலையை விட்டுப் போறப்ப, பாவம் நல்ல மனுஷன், சாவியைப் பத்திரமா கவர்ல போட்டு சுற்றுலாத் துறை ஆபீசுக்குத் தபால்ல அனுப்பிட்டுத்தான் போனாரு. அங்க எந்தப் புண்ணியவான் வாங்கி வச்சானோ, இன்னைக்கு வரைக்கும் சத்தமே இல்ல."

அவருக்குக் காது சூடேறியது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன உறை. உள்ளே கடிதம் இல்லை, சாவி மட்டும். யாருக்கு என்றும் இல்லை. பதிவேட்டில் 'உரியவர் தெரியவில்லை' என்று எழுதி, மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டிருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. தினமும் அந்த இழுப்பறையிலிருந்துதான் பசை எடுக்கிறார்.

"என்னங்க, மூஞ்சி இப்படிப் போயிடுச்சு?"

"அந்தப் புண்ணியவான் நான்தான்" என்றார் மெதுவாக.

மனைவிக்கு உதடு துடித்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பெஞ்சில் உட்கார முடியாமல் கோபுரத்தின் படியில் போய் விழுந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். தேநீர்க் கடை அம்மாள் கையில் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளை இப்படிச் சிரிக்க வைத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் முடிந்து வீடு திரும்பியதும் அவள் உறைகளை எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்து, நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புநர் இடத்தில் தன் பெயர், பெறுநர் இயக்குநர், சுற்றுலாத் துறை.

"என் கையில குடு, நான் கொண்டுபோறேன்" என்றார் அவர்.

"உங்க இழுப்பறை எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை அது அவர் மேசைக்கு வந்தது. உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்தது. ஊழியரின் வீட்டிலிருந்தே துறைமேல் புகார்! பெரிய சங்கடமாகப் போய்விடும். இழுப்பறையைப் பார்த்தார். திறந்துகூடப் பார்த்தார். சாவியைத் திங்களன்றே ஒப்படைத்துவிட்டதால் உள்ளே பசைப் புட்டி மட்டும் இருந்தது, இடம் நிறைய இருந்தது. பிறகு இழுப்பறையை மூடி, முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். நானூற்றுப் பதினேழு என்று எண் போட்டு மேலே அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. இயக்குநர் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தார்.

"இதைக் கேளுங்க. 'உங்கள் தீவு விரித்த கை மாதிரி. பார்க்க வேண்டியது எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஒரு நுனியிலிருந்து அடுத்த நுனிக்குப் போக ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. இரண்டு விரல் பார்ப்பதற்குள் வந்தவருக்குக் கால் ஓய்ந்துவிடும், ஊருக்குப் போய்விடுவார். நுனியையும் நுனியையும் கடல் வழியாகச் சேர்த்தால் என்ன? மதியம் முழுவதும் மீன் படகுகள் சும்மாதானே நிற்கின்றன?' ஒன்றரை நாள் ஏன்னு நான் ஆறு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன்! பயணிகள் வருகையைக் கூட்டுவது எப்படின்னு அறுபது பக்கம் அறிக்கை எழுதியிருக்கோம், இதுல ஒரு வரி அதுல இல்ல. இந்த அம்மாவை நான் பாக்கணும். யாருன்னு விசாரிக்க முடியுமா?"

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுலதான் இருக்காங்க."

இயக்குநர் கடிதத்தை இறக்கிவிட்டு, அவரை முதன்முறையாக முன்பக்கமிருந்து நன்றாகப் பார்த்தார். "அப்ப எளிதில் சென்றடையலாம்னு எழுதினது யாரு?"

"அது அப்ப இருந்த இயக்குநர் எழுதினது மேடம். நான் ஒட்டி அனுப்பினது மட்டும்தான்."

அவர் மனைவியை வரச் சொன்னார்கள். மருந்தகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, உறைக் கட்டோடு வந்தாள். இயக்குநரும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டரை மணி நேரம் பேசினார்கள். நடுவில் இரண்டு முறை தேநீர் போயிற்று.

எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. அருவிப் பலகைகள் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன, அவை வேறொரு துறைக்குச் சொந்தமாம். வெள்ளை மணலில் நட்ட நிழல் மரங்களில் பாதியை ஆடு மேய்ந்துவிட்டது. ஆனால் கழிப்பறை வந்தது. புதிய கையேட்டில் நடக்கிற தூரம் நிமிடக் கணக்கில், மருந்துச் சீட்டு மாதிரி அச்சாகியிருந்தது: 'நடை ஐம்பது நிமிடம், நிழல் இல்லை, குடை அவசியம்.' இரண்டு மீன் படகுகள் மதிய வேளையில் கரையோரமாக விரல் நுனிகளைத் தொட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. முதல் நாள் ஓட்டத்தில் நம்மவரும் போனார். முதல் நுனி வருவதற்குள்ளேயே காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். மனைவி தயாராக மாத்திரை கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்ட பின் போட வேண்டிய மாத்திரை, இனி மறுபடி சாப்பிட்டால்தான் போடலாம் என்றாள்.

அந்த ஆண்டு இறுதியில் சராசரி தங்கல் இரண்டேகால் நாள் ஆனது. இயக்குநர் வருகையாளர் குழு என்று ஒன்று அமைத்து, மாதம் ஒருமுறை கூட்டம் வைத்தார். குழுவில் படகுக்காரர்கள் இருவர், தேநீர்க் கடை அம்மாள், பேருந்துக் கழகத்திலிருந்து ஒருவர், அவர் மனைவி. கூட்ட அழைப்பைத் தட்டச்சு செய்து, 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை உறையிலிட்டு, தன் வீட்டு முகவரியே எழுதி, ஒட்டி அனுப்புவது அவர் வேலை. கையில் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள். தபாலில் வர வேண்டும்.

போன மாதக் கூட்டத்தன்று அவரும் ஜீப் டிரைவரும் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாத்திய கதவுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. கடைசிப் பேருந்து நான்கு மணிக்கா, நான்கரைக்கா என்று பேருந்துக் கழகத்துக்காரரை வறுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர், "அம்மா, நான் சொல்றதை ஒரு நிமிஷம்..." என்று தொடங்குவதும், அது பாதியில் நிற்பதுமாக இருந்தது.

"முடிஞ்சிருமா சார்? வண்டியை எடுக்கட்டா?" என்றார் டிரைவர்.

அவர் காதைக் கொடுத்துக் கொஞ்சம் கேட்டார்.

"இன்னும் முதல் உறையிலதான் இருக்கா. வாங்க, டீ குடிச்சுட்டு வந்துடலாம்."